தோட்டத்துப் பிள்ளையின் கால்வலி: இரத்தம் சொல்லும் வரலாறு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மழைக்காலம் வந்தால் ஒரு பிள்ளை, கால் எலும்பு குடைகிறது என்று அழும். "வளர்கிற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்பார் பாட்டி. டிரஸ்ஸர் வலி மாத்திரை கொடுப்பார். பள்ளிக்கு மட்டம் போடும் சோம்பேறி என்ற பெயரும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

எல்லாக் கால்வலியும் நோயல்ல. ஆனால், சில வீடுகளில் அந்த வலிக்குக் காரணம் இரத்தத்தில் இருந்தது. அதுதான் அரிவாள் அணுச் சோகை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, அரிவாள்போல் வளைந்து சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடும்.

1910-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதை முதலில் விவரித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1952-இல் லேமன், கட்புஷ் இருவரும் நம் தமிழகத்து நீலகிரி மலைவாழ் மக்களிடமும் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் தெரிய வந்தது. அவர்கள் வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

நம் நாட்டுக் கதையும் அதேதான். பால் வெட்ட வந்தவர்களில் தமிழர், தெலுங்கர், மலையாளிகளோடு ஒரியாக்காரர்களும் இருந்தார்கள். நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அவர்கள் குடியேறினார்கள். மலேசிய இந்தியரிடையே உள்ள இந்நோயைப் பற்றி லீ இன்ஜோ லுவான் எங், ஜோய்ஷி முதலிய ஆய்வாளர்கள் 1986-லும் 1988-லும் எழுதினார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்து பல்லாண்டுகள் கழிந்த பிறகுதான், பிள்ளைகளின் வலிக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

எலும்புக்கு என்ன ஆகிறது? ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குக் கையும் காலும் வீங்கலாம். வளர்ந்த பிள்ளைக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் போகாமல் இடுப்பு மூட்டு சிதையலாம். அடிக்கடி நொண்டும் பிள்ளையை அதட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு வலியோடு காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளிரும் உடம்பில் நீர் வற்றுவதும் வலியைத் தூண்டும். நிறையத் தண்ணீர் கொடுங்கள். வலி வரும் தடவைகளைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து இன்று இருக்கிறது.

இது சாபமும் அல்ல, குலத்துக்குக் களங்கமும் அல்ல. இந்த மரபணு ஒன்று மட்டும் உள்ளவரை அது மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது என்று 1954-இல் ஆலிசன் காட்டினார். மலேரியா மிகுந்த மண்ணில் அது தலைமுறைகளாக நிலைத்ததற்கு அதுவே காரணம். ஆனால், தாய் தந்தை இருவருக்கும் அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 25.

தலசீமியாவுக்காக நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016-இல் இரத்தப் பரிசோதனை தொடங்கியது. தலசீமியாவைத் தேடும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு இதையும் காட்டிக்கொடுக்கும். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. இரத்தம் மட்டும் கூடவே வந்திருக்கிறது. கல்யாணப் பேச்சில் ஜாதகம் பார்க்கும் நாம், இரத்தப் பரிசோதனை முடிவையும் ஒருமுறை பார்த்தால் என்ன? சிந்திப்போம்.