கோயம்புத்தூர் பெயரில் பறந்த கறுப்பு விமானம்



பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து விமான மாடல் செய்வதைப் பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நான் சொல்லப்போகும் விமானத்தை இன்று மாடலாகத்தான் பார்க்க முடியும். அதற்குள் நம் ஊர்ப் பணமும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1941ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஓர் இரவுப் போர் விமானம் பறந்தது. முழுக்கக் கறுப்பு. எண் என் 1801. அதில் எழுதியிருந்த பெயர் 'கோயம்புத்தூர் II'. ரகம், போல்டன் பால் டிஃபையன்ட். அது சேர்ந்திருந்த 264ஆம் படைப்பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர். 79, 234 ஆகிய படைப்பிரிவுகளுக்கும் இதே பெயர்தான்.

காரணம் நன்கொடை. அந்த நாளில் ஊர்களும் மாகாணங்களும் பணம் திரட்டி விமானம் வாங்கிக் கொடுத்தால், அவற்றின் பெயரை விமானத்துக்கோ படைப்பிரிவுக்கோ சூட்டுவார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று நன்கொடைக் கணக்குக்காக ஒரு விலை வைத்திருந்தார்கள். உண்மையான செலவு அதைவிட அதிகம். ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்பது அன்றைய மாற்று விகிதம். பேங்கில் வேலை பார்த்த பழக்கத்தில் கணக்குப் போட்டேன். சுமார் 66,667 ரூபாய் வருகிறது.

அந்தக் காலத்தையும் மறக்கக் கூடாது. 1939இல் இந்தியர்களைக் கேட்காமலேயே வைஸ்ராய் இந்தியாவைப் போரில் சேர்த்தார். அதை எதிர்த்து அந்த அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஒரு பக்கம் போர் எதிர்ப்பு, மறுபக்கம் போர் நிதி. மனமுவந்து கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், அதிகாரி கேட்டாரே என்று கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். டிஃபையன்ட்டில் இரண்டு பேர். முன்னால் விமானி. அவருக்குப் பின்னால், சுழலும் கண்ணாடிக் கூண்டில் துப்பாக்கி வீரர். நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் அந்தக் கூண்டில்தான், முன்பக்கம் நேராகச் சுட ஒன்றும் கிடையாது. ஜெர்மன் விமானிகள் இதைப் புரிந்துகொண்டு முன்னாலும் அடியிலும் வந்து தாக்கினார்கள். 1940 ஆகஸ்ட் கடைசியில் 264ஆம் படைப்பிரிவு சில நாட்களிலேயே பலரை இழந்தது. அதன்பின் டிஃபையன்ட்டுகளை இரவு வேலைக்கு மாற்றினார்கள். கறுப்பு பெயிண்ட் வந்தது அப்படித்தான்.

கோயம்புத்தூர் II விமானத்தில் பறந்தவர்கள் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த டெஸ்மண்ட் ஹியூஸும் துப்பாக்கி வீரர் ஃப்ரெட் காஷும். டிஃபையன்ட்டில் இந்த ஜோடி வீழ்த்திய விமானங்கள் ஐந்து என்பது கணக்கு. அந்த ஐந்திலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 1:72 அளவில் இந்த விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 16.7 செ.மீ. பாகங்களை ஒட்டியதும் இணைப்புக் கோடுகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு பிரைமர் அடியுங்கள். கண்ணாடிக் கூண்டுக்கு உடனே பிடிக்கும் பசை வேண்டாம், அது கண்ணாடியை வெள்ளையாக்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும். சுத்தக் கறுப்பு அடித்தால் பொம்மை போலத் தெரியும், கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கவும். எழுத்து ஸ்டிக்கர்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டிக் காய்ந்தபின் மேட் வார்னிஷ். படைப்பிரிவின் எழுத்து பி.எஸ்., விமானத்தின் எழுத்து பி. பெயரை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது இன்னொரு கறுப்பு விமானம், அவ்வளவுதான்.

பணம் இங்கிலாந்துக்குப் போனது. போரோ நம் பக்கம் வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்த ஆண்டு 79ஆம் படைப்பிரிவு இந்தியாவுக்கே வந்து, ஹரிக்கேன் விமானங்களுடன் பர்மா போர்முனையில் ஈடுபட்டது. தியாகதுருகத்திலிருந்து கிழக்கே போனால் வரும் உளுந்தூர்பேட்டையில், அந்தப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இன்றும் பயன்பாடின்றிக் கிடக்கிறது.

முழுமையாக மிஞ்சியிருக்கும் டிஃபையன்ட் உலகத்திலேயே ஒன்றுதான். அது இங்கிலாந்தில் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வேறு படைப்பிரிவின் விமானம். கோயம்புத்தூர் II இன்று இல்லை. பணம் கொடுத்தவர்களும் அநேகமாக இல்லை. மிச்சம் இருப்பது பெயர் மட்டும்.

உங்கள் வீட்டில் 85, 90 வயதுப் பெரியவர்கள் இருந்தால், போர் நிதி, ரேஷன், உளுந்தூர்பேட்டை விமான தளம் பற்றி இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சங்க அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த இதழில் போடலாம்.