செஞ்சிக் காற்றின் மேல் விழுந்த பழி

எளிதில் பிடிபடாத கோட்டை என்று செஞ்சிக்கு இருந்த பேர் ஊரறிந்தது. அன்றைய கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்ற இன்னொரு பேரும் அதற்கு உண்டு. முகலாயர் தங்கள் தலைமையிடத்தை ஆற்காட்டுக்கு மாற்றியதற்கே இந்த நோய்ப்பேர் ஒரு காரணம் என்பார்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தது. கடைசிக் காலம் வரை நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே நிறுத்தியதில்லை, ஆனாலும் பத்தாண்டில் 1200 பேர் செத்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஆண்டுக்கு ஒரு காவற்படையையே புதைத்த கணக்கு இது. ஓர்ம் பழியைக் காற்றின் மேல் போட்டார். அது கோட்டையின் தண்ணீரைச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுவர் வளைத்துக் கட்டுகிறது. சுவரை ஒட்டி ஏறத்தாழ 80 அடி அகல அகழி. உள்ளே செட்டிகுளம், சக்கரக்குளம், ஆனைக்குளம். போதாததற்கு மழைநீர் தேங்கும் பாறைக்குழிகள். முற்றுகையில் தாகம் தீர்த்த இந்த நீர்நிலைகள் மலேரியாக் கொசு முட்டையிடவும் தோதானவை. வெள்ளைக்காரன் வெயில் தாங்காமல் செத்தான் என்று சொன்னால் பொருந்தாது. 1761 முற்றுகையின்போது ஆங்கிலேயர் பக்கம் 300 இந்தியச் சிப்பாய்களும் அங்கே நோயில் மடிந்ததாக அதே ஓர்ம் சொல்கிறார். வயிற்றுப்போக்கு கொன்றிருக்கலாமே என்றால், அது எல்லாப் பாளையத்திலும் இருந்தது. செஞ்சியை மட்டும் தனித்துக் காட்ட அது போதாது. ஊர் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விதான் வலுவானது. சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா கண்ட உடம்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்கு விலையாகப் போனவை குழந்தைகளின் உயிர்கள். வெளியூர்ச் சிப்பாய்க்கு, கறுப்போ வெள்ளையோ, அந்தக் காப்பு இல்லை.

வைத்தியமும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும். கடும் மலேரியாவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். சிலருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வரும். ஹிப்போகிரட்டிஸ் வழிவந்த ஐரோப்பிய மருத்துவமோ, காய்ச்சலில் சில்லிமூக்கு உடைவதை நோய் தணியும் அறிகுறியாகவே பல வேளை எடுத்துக்கொண்டது. உடம்பு தானே செய்வதை நாமும் செய்வோம் என்று நரம்பைக் கீறி இரத்தம் வடித்தது. ஏற்கெனவே சோகை பிடித்த நோயாளிக்கு அது எமன். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாப் பட்டை ஐரோப்பாவுக்கு வந்து அப்போதே நூறாண்டு கடந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். நம் வைத்தியம் மூக்கு இரத்தத்தை இரத்தபித்தம் என்று தனி நோயாக எண்ணி, ஆடாதோடை கொடுத்து நிறுத்தப் பார்த்தது. அட்டை விடும் வழக்கம் இங்கேயும் இருந்ததால் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். ஆடாதோடை மலேரியாவைத் தீர்க்கவும் செய்யாது. ஆனாலும் முழுப் பழியையும் கத்தியின் மேல் போட முடியாது. வைத்தியம் எப்படியிருந்தாலும் ஆளை நோயில் தள்ளியது அந்த இடம்.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான்; அதற்கு முன் எழுதிய ஓர்ம் காற்றைப் பழித்ததில் வியப்பில்லை. 2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பார்க்க வருவோர் கூடுவார்கள். ராஜகிரி உச்சியின் பீரங்கியைக் காட்டும் வழிகாட்டிகள், அடிவாரத்துக் குளங்களையும் காட்டி அந்த 1200 பேர், 300 பேர் கணக்கைச் சொல்லட்டும்.