ஜட்காவும் சிக்ரமும்: பூட்டிய வண்டிகளின் சொல்வழி

ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில், சென்னை மாகாணத்து ஒற்றைக் குதிரை வாடகை வண்டியான ஜட்காவுக்கும், பம்பாயிலும் சென்னையிலும் ஓடிய சிக்ரம் என்னும் பெட்டி வண்டிக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. ஜட்கா என்ற பதிவு, பொருளால் அதற்கு இணையானது சிக்ரம் என்று வாசகரை அங்கே அனுப்புகிறது. இவ்விரு பெயர்களுக்கும் அடிப்படைப் பொருள் விரைவு என்பதே. தக்கணி உருதுவில் ‘ஜட்கா’ வெட்டியிழுப்பையும் அதனால் வரும் வேகத்தையும் குறிக்க, சிக்ரம் வடமொழி ‘சீக்ர’ என்பதிலிருந்து மராத்தி வழியாகப் பம்பாய் வண்டிக்கு வந்து சேர்ந்தது. அதே வடமொழிச் சொல் தமிழில் ‘சீக்கிரம்’ என்று வேரூன்றி வினையடையாகவே நின்றுவிட்டது. பம்பாயிலோ அதற்குச் சக்கரம் முளைத்தது.

இப்போது மும்பை எனப்படும் பம்பாயின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் காதில் இன்று ஜட்கா என்ற சொல் விழுந்தால் குதிரை நினைவுக்கு வருவது அரிது. மின்சாரம் தாக்கினாலும் ரயில் குலுங்கி நின்றாலும் அந்நகரத்து இந்தியில் அது ‘ஜட்கா’; ஒரே வெட்டில் அறுத்த இறைச்சிக்கும் அதுவே பெயர். இம்மூன்றிலும் சட்டென்று நிகழ்தல் என்ற கருத்து பொதுவாக இருப்பதால், தமிழ்நாட்டு வண்டிப் பெயரும் மும்பைத் தெருச்சொல்லும் ஒரே வேரின் கிளைகள் என்பதில் ஐயமில்லை. வண்டியைக் குறித்த பொருள் தெற்கே நிலைபெற்றதற்குக் காரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை: தக்கணி பேசிய வண்டிக்காரரும் லாடக்காரரும் சென்னை மாகாணத்து ஊர்களில் குதிரைத் தொழிலில் நிறைந்திருந்தனர்.

பெயரில் இருந்த வேகம் விலங்கில் இருந்ததா என்பது வேறு கேள்வி. ஜட்காவை இழுத்தது தமிழில் மட்டக்குதிரை என்றும் இந்தியில் டட்டு என்றும் வழங்கும் நாட்டுச் சிறுகுதிரை. யூலும் பர்னலும் அதன் அவல நிலையையும், அது இழுத்த வண்டியின் ஆட்டத்தையும் ஏளனத்தோடு குறித்திருக்கிறார்கள். பயண நூல் எழுதிய ஐரோப்பியருக்கு இவ்வகை ஏளனம் எளிதாகக் கைவந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்குறிப்பின் எடை புலப்படும்.

வண்டியின் பெயர் அயலிலிருந்து வந்தாலும், விலங்கை வண்டியோடு சேர்க்கும் செயலுக்குத் தமிழர் வேற்றுச்சொல் தேடவில்லை. ‘பூட்டு’ என்ற வினை ‘பூண்’ என்பதன் பிறவினை. அணிகலன் பூணுதலும் நுகம் பூணுதலும் ஒரே வினையால் சொல்லப்படுவதால், வில்லுக்கு நாண் பூட்டுவதும் கைக்கு விலங்கு பூட்டுவதும் மாட்டை வண்டியில் பூட்டுவதும் ஒரு குடும்பத்துச் செயல்களாகின்றன. காளையைப் பொறுத்தவரை இச்செயலின் நடுப்பொருள் நுகம், அதாவது இரு கழுத்துகளின் மேல் கிடக்கும் குறுக்குத் தடி. கன்னடத்தில் ‘நொக’ என்று வழங்கும் இச்சொல்லுக்கு வடமொழி ‘யுக’த்தோடு உள்ள உறவைப் பற்றி அறிஞர் ஒருமிக்கவில்லை, பொருளின் பழமையிலோ கருத்துவேறுபாடு இல்லை. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102-ஆம் பாடல், நுகத்தை இன்னும் அறியாத இளங்காளைகளையும், பாரம் மிகுந்த உப்பு வண்டியையும், வழியில் அச்சு முறிந்தால் உதவுவதற்காக உப்பு வணிகரான உமணர் அடியில் கட்டிச்சென்ற சேம அச்சையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. பழக்காத விலங்கைப் பூட்டுவதில் உள்ள ஆபத்து அன்றே தெரிந்திருந்தது.

நம் நாட்டு மாட்டுக்குத் திமில் உண்டு. நுகத்தடி அதன் முன்னே படிந்து, பூட்டாங்கயிற்றின் பிடியில் நழுவாமல் நிற்கும். குதிரைக்குத் திமில் இல்லை. பழைய தேர்களில் நுகத்தின் கீழ் நிறுத்தப்பட்ட குதிரைகளுக்குத் தொண்டை நெரிந்து இழுவை குறைந்தது என்று பிரெஞ்சுப் படை அலுவலர் லெஃபெவ்ர் தெ நோயெத் 1931-இல் வாதிட்டார்; பின்னர் ழான் ஸ்ப்ரூயித் பழைய வகைத் தேர்களைச் செய்து, குதிரை பூட்டி ஓட்டிப் பார்த்து, அவ்வாதம் மிகைப்பட்டது என்று காட்டினார். எவ்வாறாயினும் ஒற்றை மட்டக்குதிரையை இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே நிறுத்தும் ஜட்காவில் நுகத்துக்கு இடமில்லை. ஏர்க்கால் என்பது வண்டியின் சட்டத்திலிருந்து முன்னே நீளும் மரத்தண்டு. மாட்டு வண்டியில் நடுவே ஒன்றாக நின்று இரு காளைகளைப் பிரித்த அது, குதிரை வண்டியில் இரண்டாகி ஒரு விலங்கைத் தழுவி நின்றது.

இங்கே வேலை மூன்றாகப் பிரிகிறது. இழுப்பது மார்பு: மார்புப் பட்டையிலிருந்தோ கழுத்து வளையத்திலிருந்தோ பின்னோக்கி ஓடும் இரு வார்களில்தான் வண்டியின் இழுவை முழுவதும் விழுகிறது. சுமப்பது முதுகு: அங்கவடியுள்ள சவாரிச் சேணத்திலிருந்து வேறுபட்ட ஒரு சிறு சேணம் முதுகின் மேல் அமர்ந்து, இருபுறமும் தொங்கும் வளையங்களில் ஏர்க்கால்களைத் தாங்குகிறது. தடுப்பது பின்புறம்: பின்னந்தொடைகளைச் சுற்றிவரும் பட்டை, இறக்கத்தில் வண்டி விலங்கின் மேல் மோதாமல் பிடிக்கிறது. குதிரையை ஏர்க்கால்களுக்கிடையே பின்னடையச் செய்து, முதலில் அவற்றை வளையங்களில் நுழைத்து, பிறகு இழுவார்களை மாட்டி, அதன்பின் பின்பட்டையைக் கட்டுவது பூட்டும் முறை; அவிழ்ப்பது இதன் தலைகீழ். வண்டி கழலும்வரை கடிவாளத்தை மட்டும் கழற்றக்கூடாது. கடிவாளம் இல்லாத குதிரை வண்டியோடு ஓடிவிட்டால் அதை நிறுத்த வழியில்லை.

இரு சக்கர வண்டியில் இவற்றோடு சமநிலையும் சேர்கிறது. பின்புற வாசல் வழியே ஏறியவர்கள் அங்கேயே உட்கார்ந்தால் ஏர்க்கால்கள் மேலெழும்பி, வயிற்றுப் பட்டை குதிரையைக் கீழிருந்து தூக்கும். எல்லோரும் முன்னே நெருங்கினால் சுமை சேணத்தில் இறங்கி முதுகை அழுத்தும். ஜட்காக்காரர் ‘முன்னாடி நகந்து உக்காருங்க’ என்றும் அடுத்த நொடியே ‘கொஞ்சம் பின்னாடி’ என்றும் சொல்லி வந்ததைத் தொந்தரவாக எண்ணிய பயணியர் பலர். அது துலாக்கோல் சரிபார்க்கும் வேலை. உள்ளே பரப்பியிருந்த புல் இருக்கைக்கு மெத்தையாகவும் குதிரைக்கு இரையாகவும் இரட்டைப் பயன் தந்தது.

கடிவாளம் பற்றி ஒரு திருத்தம் வேண்டும். ஒரே திசையில் பார்ப்பவரைக் ‘கடிவாளம் கட்டிய குதிரை’ என்று இன்றைய மேடைத் தமிழ் சொல்கிறது. கடிவாளம் வாய்க்குரியது, பக்கப் பார்வையை மறைப்பது கண்ணருகே தைத்த பட்டை. குதிரை தெருவிலிருந்து மறைந்தபின், அதன் அணிகள் ஒன்றோடொன்று குழம்பிப்போனதையே இவ்வழக்கு காட்டுகிறது.

ஓட்டும் கருவிகளின் பெயர்களிலோ அடுக்கடுக்காக வரலாறு தெரிகிறது. முல்லைப்பாட்டில் யவனரோடு சேர்ந்து வரும் ‘மத்திகை’ குதிரைச் சவுக்கு. கிரேக்க ‘மாஸ்டிக்ஸ்’ என்பதோடு அதற்குத் தொடர்பு கூறுவது ஏற்கத்தக்கது, ஏனெனில் சொல் வரும் இடமே யவனருடையது. லகானும் சவுக்கும் பாரசீகத்தின் வழி வந்தவை. தோல்வாரைக் குறித்த சங்கச் சொல் ‘வள்பு’ வழக்கொழிய, ‘வார்’ மட்டும் செருப்பிலும் இடுப்பிலும் எஞ்சியது.

வாரைத் தரும் தோல் தொழில் மும்பையில் தமிழரோடு நெருங்கிய தொடர்புடையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாராவியில் தோன்றிய தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரும் தமிழ் முஸ்லிம்களும் உழைப்பு நல்கினர். பாந்திரா இறைச்சிக்கூடம் அருகில் இருந்ததால் தோல் எளிதில் கிடைத்தது. 1971-இல் அக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் பெயர்பெற்றது. மரப்பட்டையால் பதனிட்ட தோல் குரோம் உப்பால் பதனிட்டதைவிடக் குறைவாகவே நீள்வதால் சேண வார்களுக்கு ஏற்றது. மரத்தின் பட்டையும் குதிரையின் மார்புப் பட்டையும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்துள்ளன. இரண்டும் தட்டையாக நீள்பவை. தாராவித் தோல் தொழில் இன்று இடுப்பு வார்களிலும் பைகளிலும் நிலைகொண்டுள்ளது.

பம்பாயின் குதிரைகள் சிறியவை மட்டும் அல்ல. 1874 மே 9 அன்று கொலாபாவிலிருந்து பைதோனிக்கு ஓடத் தொடங்கிய டிராம்களைப் பெருங்குதிரைகள் இழுத்தன. 1907-இல் மின்சார டிராம் வந்தது. சிக்ரத்தின் இடத்தை நான்கு சக்கர விக்டோரியா பிடித்தது. அதில் வண்டியின் பாரம் முழுவதும் சக்கரங்களிலேயே நிற்பதால் குதிரையின் முதுகு சுமையிலிருந்து தப்பியது. ஆனால் குதிரையின் வாழ்வு தப்பியது என்று சொல்வதற்கில்லை. 1965-ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகள், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கும் இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்குவதையும், முள்ளோ குமிழோ உள்ள பூட்டுக்கருவிகளையும் தடுத்தன. 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் உல்லாசச் சவாரிக்கான குதிரை வண்டிகளைச் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவித்தது. 2021-இல் வந்த மின்கல விக்டோரியாக்கள் பழைய உருவத்தைத் தாங்கினாலும் அவற்றில் பூட்டுவதற்கு எதுவும் இல்லை.

தெற்கே வந்து பிழைத்துக்கொண்ட வண்டிப் பெயர் ரேக்ளா. பம்பாயில் ‘ரேக்லா’ என்று மாடு பூட்டிய சிறு சவாரி வண்டியைக் குறித்த அச்சொல் அந்நகரத்தில் மறைய, கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் பந்தய வண்டியின் பெயராயிற்று. கொங்குப் பந்தயத்தில் இளங்காளைகளுக்கு 200 மீட்டரும் வளர்ந்தவற்றுக்கு 300 மீட்டரும் ஓடுதளமாக வைக்கும் வழக்கம் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதற்கு இணையான ஓட்டம் ‘பைல்காடா ஷர்யத்’ எனப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று விதித்த தடை இரு மாநிலங்களையும் தாக்கியது. 2023 மே 18 அன்று அந்நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓட்டங்களை மீண்டும் அனுமதிக்க இரு மாநிலங்களும் இயற்றிய திருத்தச் சட்டங்களை ஒரே தீர்ப்பில் ஏற்றது.