பிளெத்தோரா: மிகுதியா, மிகையா?

ஆங்கிலச் செய்திகளிலும் அறிக்கைகளிலும் அடிக்கடி தலைகாட்டும் சொற்களுள் 'பிளெத்தோரா' என்பதும் ஒன்று. நம்மவர் பலர் இதனை 'ஏராளம்' என்றே மொழிபெயர்த்துவிடுகின்றனர். எல்லா இடத்திலும் அது பொருந்தாது.

நிறைவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், 16ஆம் நூற்றாண்டில் மருத்துவச் சொல்லாகவே வழங்கிற்று. உடலில் குருதி அளவுக்கு மிஞ்சியதாகக் கருதப்பட்ட நோய்நிலையே பிளெத்தோரா. குருதியை வடித்துவிடுவது அதற்குரிய பரிகாரமாக இருந்தது. பின்னரே, எப்பொருளும் தேவைக்கு மேல் திரண்டிருப்பதை அது குறிக்கலாயிற்று. இன்று வெறும் 'நிறைய' என்ற பொருளிலும் பாவிக்கின்றனர். எனினும் 'வேண்டியதற்கு மேல்' என்ற சாயல் முற்றாக அகலவில்லை.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. மிகுதி குறையன்று, மிகையோ குறையாகவும் கருதப்படும். அறபு மொழியிலும் ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்கள் திருக்குர்ஆனின் அத்தியாயப் பெயர்களாக உள்ளன. 108ஆம் அத்தியாயமான 'கவ்ஸர்' அருளப்பட்ட பெருநலத்தையும், 102ஆம் அத்தியாயமான 'தகாஸுர்' மேன்மேலும் சேர்க்கும் போட்டியையும் சுட்டுகின்றன. முஸ்லிம்களின் பேச்சில் வழங்கும் 'பறக்கத்' இவற்றினும் வேறானது. சிறிதையும் போதுமானதாக்கும் அருளே அது.

சொற்பொருளை நுணுகி ஆராய்தல் யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஒரு கலைச்சொல் பிழைத்தால் சிகிச்சையும் பிழைக்கும் என்ற நிலையில் நிகழ்ந்த பணி அது.

இன்றும் சொல் பிழைத்தால் கேடுண்டு. குடாநாட்டுச் சந்தைகளில் சின்ன வெங்காயம் ஒரேயடியாகக் குவிந்தால் விலை வீழ்கின்றது. 'மலிவு' என்னும் தமிழ்ச் சொல்லே மிகுதி, விலைக்குறைவு ஆகிய இரண்டையும் குறிப்பது. வாங்குவோர்க்கு நயம், விளைவித்தோர்க்கு நட்டம். அந்நிலையைப் 'பிளெத்தோரா' எனக் கூறும் அறிக்கையைச் 'செழிப்பு' எனத் தமிழாக்கினால் விவசாயியின் இழப்பு மறைந்துபோகும். நிவாரணம் கோரவும் வழியிராது.

ஆகவே, மொழிபெயர்ப்போர் முதலில் ஒன்றை வினவுதல் வேண்டும்: ஆங்கிலத்தில் எழுதியவர் நிறைவைக் கண்டு மகிழ்கின்றாரா, மிகையைக் கண்டு கவலுகின்றாரா? முன்னையதாயின் 'ஏராளம்' போதும். பின்னையதாயின் 'தேவைக்கு மிஞ்சிய' என்பதே தகும்.