சிவப்பு மாத்திரையின் வரலாறு: பம்பாய் ஆலைப் பெண்களிலிருந்து ஒசூர் தாய்மார் வரை

ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் பெண்ணின் கையில் செவிலியர் ஒரு சிவப்பு மாத்திரை அட்டையைத் தருகிறார். கர்ப்ப காலத்தில் 180 நாள், குழந்தை பிறந்தபின் பாலூட்டும் காலத்தில் மேலும் 180 நாள் உண்ண வேண்டும் என்பது அரசின் கணக்கு. ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. நம் வீடுகள் பலவற்றில் முதல் 180 நாள் ஓரளவு நிறைவேறிவிடுகிறது. குழந்தை கைக்கு வந்தபின் தாயின் மாத்திரையை யாரும் நினைவில் வைப்பதில்லை. வீட்டின் கவனமெல்லாம் குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதில்தான்.

அந்தப் போலிக் அமிலத்தின் வரலாற்றில் முஸ்லிம் பெண்களுக்கு நேரடியான இடமுண்டு. அவர்கள் மருத்துவர்களோ ஆய்வாளர்களோ அல்லர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பம்பாயில் வாழ்ந்த வறிய தாய்மார். ஆய்வேடுகளில் நோயாளிகளாக மட்டுமே இடம்பெற்றவர்கள்.

1920-களின் பம்பாய் பஞ்சாலைகளின் நகரம். ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தனர். பாலூட்ட இடையில் வீடு செல்ல வழியில்லாத தாய்மார், பிள்ளை அழாது கிடக்க அபின் உருண்டை கொடுத்துவிட்டுச் செல்லும் கொடுமையும் அந்நாளில் இருந்தது. அந்நகரில் கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் பிரசவத்தை ஒட்டியும் கடுமையான ஒருவகை இரத்தசோகை பெண்களைத் தாக்கி வந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்து, எஞ்சியவை அளவில் பெருத்திருக்கும். வெளிறிய முகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பெண்களில் பலர் பிழைப்பதில்லை.

இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர் முன்னெடுத்த பேறுகால மரண ஆய்வுக்கு உதவியாக, 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து சேர்ந்தார். 1888-இல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, அதன் பின்னரே மருத்துவம் கற்றவர். நோயாளியைப் பார்க்குமுன் அவர் உண்ட தட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு எளிதில் வந்ததற்கு அந்தத் தாவரவியல் படிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லூசி வில்ஸும் அவருடன் பணிபுரிந்த இந்திய மருத்துவர்களும் பல்வேறு சமூகங்களையும் வருவாய்ப் பிரிவுகளையும் சேர்ந்த பெண்களின் உணவையும் வாழ்க்கை நிலையையும் ஆராய்ந்தனர். இரத்தசோகை மிகுதியாகக் காணப்பட்டது வறிய முஸ்லிம் பெண்களிடத்தில். புரதமும் காய்கறியும் பழமும் மிகக் குறைந்த உணவை உண்டவர்களும் அவர்களே. இங்கே ‘வறிய’ என்ற சொல்லை வாசகர் தவறவிடலாகாது. நாம் இறைச்சி உண்ணும் சமூகம், ஆகவே நம் பெண்களுக்கு இரத்தம் குறையாது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இறைச்சி உண்ணலாம் என்று மார்க்கம் அனுமதித்திருப்பதும், அது அன்றாடம் ஒரு தாயின் தட்டுக்கு வந்து சேர்வதும் வேறு வேறு செய்திகள் என்பதை அந்த ஆய்வு அன்றே காட்டிவிட்டது.

அடுத்த கட்டம் நம் தமிழ் மண்ணில் நடந்தது. 1929-இல் லூசி வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே ஊட்டச்சத்து ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் ராபர்ட் மக்காரிசன். பம்பாய் முஸ்லிம் பெண்கள் உண்டதை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் இரத்தம் குன்றின. உணவில் ஈஸ்ட் சேர்த்தபோது தப்பின. அந்த எலிகளுக்குப் பேன் வழியாகப் பரவும் ஒரு கிருமியும் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. ஆகவே எலிச் சோதனையை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது போயிற்று. ஆயினும் அவர் குரங்குகளிடத்தும் சோதனையைத் தொடர்ந்தார். ‘மார்மைட்’ என்னும் மலிவான ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்ட குரங்கு தேறியது.

1931-இன் தொடக்கத்தில் அவர் சென்னையில், கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். திருவல்லிக்கேணிக்கு அருகே சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் அரசு தாய் சேய் மருத்துவமனையே அது. முதியவர் நாவில் இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் மருத்துவர் முன் வர விரும்பாத பெண்கள் மருத்துவமின்றி மாண்டுபோவதைக் கண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் எடுத்த முயற்சியால் 1885-இல் உருவானது. ‘கோஷா’ என்பது திரைக்குப் பின் வாழும் பெண்களைக் குறித்த சொல். திரையைக் காரணம் காட்டிப் பெண்களை மருத்துவமின்றி விடவும் இல்லை, மருத்துவத்தைக் காரணம் காட்டித் திரையைக் கிழிக்கவும் இல்லை. இரண்டுக்கும் இடமளித்த அந்த ஏற்பாட்டால் எத்தனை குடும்பங்கள் தழைத்தன என்பதை நம் சமூகம் போதிய அளவு நினைவுகூரவில்லை என்ற மனக்குறை எனக்குண்டு.

1926 முதல் ஈரல் சிகிச்சை புகழ்பெற்றிருந்தது. ஆனால் ஈரல் சாறு விலை மிகுந்தது. ஏழைத் தாய்மாருக்கு எட்டாதது. லூசி வில்ஸ் அதற்கு ஈடாக மார்மைட்டைக் கொடுத்தார். சில நாள்களிலேயே நோயாளிகளுக்குப் பசி திரும்பியது, சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கின. 1931-இல் இம்முடிவைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளை மருத்துவ உலகம் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது. (மார்மைட், பீர் ஆலையில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படுவதாயிற்றே என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இன்றைய மாத்திரையிலுள்ள போலிக் அமிலம் ஆய்வுக்கூடத்தில் இரசாயன முறையில் செய்யப்படுவது. அதில் ஈஸ்டும் இல்லை, பீரும் இல்லை.)

1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கான பசலைக்கீரையைப் பிழிந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் ‘இலை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதைச் செயற்கையாக உருவாக்கும் வழியை 1940-களின் நடுவில் கண்டறிந்த லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக் குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவரான எல்லாப்பிரகத சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் பெறாமல் வெளியேறியவர். ‘ஸ்ப்ரூ’ எனும் குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அந்நோயால் வரும் இரத்தசோகைக்கும் போலிக் அமிலமே மருந்தாயிற்று. இந்திய அரசு 1970-இல் இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, இரும்புச் சத்தோடு இதையும் சேர்த்து மாத்திரையாக வழங்கலாயிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருக்கின்றனர்.

இனிப் பாலூட்டலுக்கு வருவோம். தாய்க்கு உணவு சற்றுக் குறைந்தாலும் பாலின் அளவு எளிதில் குறைவதில்லை. குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகச் சப்பிக் குடிக்கிறதோ அதற்கேற்பவே பால் ஊறுகிறது. ஏ வைட்டமின், பி12, அயோடின் போன்றவை தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். போலிக் அமிலமும் இரும்பும் கால்சியமும் அவ்வாறல்ல. தாயின் உடலிலுள்ள சேமிப்பை எடுத்துக்கொண்டேனும் அவை பெரும்பாலும் தம் அளவைக் காத்துக்கொள்கின்றன. குழந்தை கொழுகொழுவென்று வளரும், தாய் உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருப்பாள். தலைசுற்றல், முடி உதிர்தல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் என அவள் சொல்பவற்றை ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அடுத்த கர்ப்பம் விரைவில் வந்துவிட்டால் வெறும் களஞ்சியத்தோடு அதைச் சுமக்கிறாள். பம்பாயின் தாய்மாருக்கு நேர்ந்ததும் இதன் முற்றிய நிலையே.

நம் வட்டாரத்தில் இது நிகழ்வது எனக்குப் பெரும் முரணாகவே தெரிகிறது. இராயக்கோட்டைத் தக்காளியும் ஒசூர்ச் சுற்றுவட்டாரத்து முட்டைக்கோசும் கொத்தமல்லியும் லாரி லாரியாகப் பெங்களூருக்குப் போகின்றன. கேழ்வரகு விளையும் மண் இது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியைவிடப் பல மடங்கு. சிப்காட் வளாகத்தை ஒட்டிய லைன் வீடுகளிலோ, அதிகாலை ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணின் காலை உணவு தேநீரும் பன்னும். தேநீரை உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறைந்துவிடும். மாத்திரைக்கும் இதுவே. ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

வீட்டோடு இருக்கும் தாய்க்கு வேறொரு தடை: பத்தியம். பூண்டும் பேறுகால மருந்தும் கோழிச் சாறும் நல்லவையே, அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் ‘குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று நாற்பது நாளும் கீரையையும் பழத்தையும் விலக்கி, தண்ணீரையும் அளந்து கொடுப்பது, லூசி வில்ஸ் பம்பாயில் கண்ட தட்டை நம் கையாலேயே தயாரிப்பதாகும். முருங்கைக்கீரை, பசலை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஆட்டு ஈரல் ஆகியவற்றில் போலிக் அமிலம் உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை இரண்டு முழு ஆண்டுகள் என்று பேசுவதை நாம் அறிவோம். பிரசவித்த பெண்ணிடம் அதை நினைவூட்டவும் தவறுவதில்லை. அதே வசனம் அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. முதற்பகுதியை அவளிடம் சொல்பவர்கள் அடுத்த பகுதியை அவள் கணவனிடம் சொல்வது அரிதாயிருக்கிறது. ரமளானில் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகையளித்த மார்க்கம் இது.

கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அரசின் உதவித்தொகை பால்குடி மறந்த குழந்தைகளுக்கே என்பது அவர்களின் ஆணையாக இருந்தது. ஓர் இரவு மதீனாவில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காத்துவந்தபோது ஒரு குழந்தை ஓயாமல் அழக் கேட்டார்கள். தாயை விசாரிக்க, உதவித்தொகைக்காகப் பிள்ளையை முன்கூட்டியே பால் மறக்கடிப்பதாக, தன்னிடம் பேசுபவர் யாரென்று அறியாமலேயே அவள் சொன்னாள். உமர் (ரலி) அழுதார்கள். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று ஆணையை மாற்றினார்கள். அவர்கள் அத்தாயைக் கண்டித்ததாக அவ்வரலாற்றில் இல்லை. திருத்தியது சட்டத்தை.

நம் நாட்டில் அத்தகைய சட்டத் திருத்தம் மெல்லத்தான் வந்தது. லூசி வில்ஸ் பம்பாய் வந்த அதே 1928-இல் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் அந்த மாகாணச் சட்டமன்றத்தில் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934-இலும், நாடு முழுமைக்கும் 1961-இலும் சட்டங்கள் வந்தன. 2017 திருத்தம் முதலிரு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்றாக்கியது. குழந்தைக்குப் 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் உள்ளன.

ஒசூர்ப் பகுதியில் ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்குச் செல்லும் பெண்களில் பலர், இவையெல்லாம் நிரந்தரப் பணியாளருக்கே உரியவை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வாறல்ல. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் இச்சட்டம் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவருக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை அந்நிறுவனமே தருகிறது. அதற்கு முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆகவே காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டியது வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே. தயங்கும் பெண்ணுக்காக அவளுடைய அத்தாவோ கணவரோ அலுவலகத்துக்கு உடன் போய்க் கேட்கலாம்.