மாங்காடு வழக்கும் மரண தண்டனை விவாதமும்

சென்னையின் மேற்குப் புறநகரில், மாங்காடு காவல் நிலைய எல்லைக்குள் இருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 பிப்ரவரி 5 அன்று ஒரு சிறுமி காணாமல் போனாள். சில நாளில் எரிந்த நிலையில் அவள் உடல் கிடைத்தது. அதே குடியிருப்பில் வசித்த இளம் பொறியாளர் ஒருவர் கைதானார். செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஐந்தே மாதத்தில், ஜூலை 10 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 8 அன்று அவரை விடுவித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே விடுதலைக்குக் காரணம். மனநிலை பற்றிய வாதத்துக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் சாவுத் தண்டனை கொடுக்கும் முன் அந்த மனிதரின் மனநிலையை அறிய எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை என்பதை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டில் மரண தண்டனை பற்றி நடக்கும் சண்டை முழுவதையும் இந்த ஒரு வழக்கை வைத்தே விளக்கிவிடலாம்.

சட்டம் வந்த வழி

‘பைத்தியம் என்று சொல்லித் தப்பிவிடுவான்’ என்பது தேநீர்க் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சட்டத்தில் அப்படி எளிதாகத் தப்பும் வழி இருந்ததே இல்லை. 1843-இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக்கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளுங்கட்சியினர் தன்னை விடாமல் துரத்துகிறார்கள் என்பது அவருடைய பிரமை. நடுவர் குழு அவரை விடுவித்ததும் இங்கிலாந்து கொதித்தது. விக்டோரியா அரசியும் சினந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன பதில்களே மெக்நாட்டன் விதிகள். அவற்றின் சாரம் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவாக நுழைந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. எண்தான் மாறியது.

அந்தப் பிரிவு கேட்பது ஒன்றைத்தான்: செயலைச் செய்த நேரத்தில், தான் என்ன செய்கிறோம், அது தவறா, சட்டத்துக்கு மாறானதா என்று அறிய முடியாத நிலையில் அந்த ஆள் இருந்தாரா? மருத்துவர் மனநோய் என்று சான்று கொடுத்தால் மட்டும் போதாது. கொலைக்குப் பின் கத்தியை ஒளித்தால், ஓடி ஒளிந்தால், தவறு என்று தெரிந்திருக்கிறது என்று நீதிமன்றம் முடிவு கட்டிவிடும். நிரூபிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் விழுகிறது. அரசுத் தரப்புக்குள்ள அளவு கடுமையான நிரூபணம் அவரிடம் எதிர்பார்க்கப்படாது என்று 1964-இல் குஜராத்தின் தயாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தளர்த்திச் சொன்னது. அந்த வழக்கிலேயே தயாபாய் தோற்றார்.

நடைமுறையில் வழக்கை முடிவு செய்வது பழைய மருந்துச் சீட்டு. மகனை ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் அழைத்துப் போய் மாதக்கணக்கில் தங்கவைத்த ஏழைக் குடும்பத்திடம் அப்படி ஒரு சீட்டு இருக்காது. நீதிமன்றத்தில் அந்தத் தாய் சொல்லும் வாய்மொழி, பெற்ற பாசத்தில் சொன்னதாகத் தள்ளப்படும். இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுவே; இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வாதம் வென்றாலும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். விடுவிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கவே நடைமுறைச் சட்டம் சொல்கிறது. சென்னையில் அதற்கான பெயர் கீழ்ப்பாக்கம். 1794-இல் வாலண்டைன் கன்னோலி என்ற மருத்துவர் தொடங்கிய காப்பிடத்தின் தொடர்ச்சியாக, 1871 முதல் அரசு மனநல மருத்துவமனை அங்கே இயங்குகிறது. தண்டனைச் சட்டத்தைவிட மூத்த நிறுவனம் அது.

தூக்கின் சட்டம்

1955 வரை கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. ஆயுள் கொடுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது: தூக்குக்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளுக்கு மட்டுமே தூக்கு என்ற அளவுகோல் வந்தது. தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழல்களில், செய்தவரின் கடும் மனக்கொந்தளிப்பையும் மனக்குறைபாட்டையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தது. அதாவது, 84-ஆம் பிரிவின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட மனநிலை, தண்டனையைத் தீர்மானிக்கும் நேரத்தில் மீண்டும் உள்ளே வரலாம். வரவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு வழக்குகள் இந்தச் சட்டத்தை அடிக்கடி இழுத்துப் பார்த்தன. 1983-இல் வைத்தீஸ்வரன் வழக்கில், இரண்டாண்டுக்கு மேல் தூக்குக் கொட்டடியில் காத்திருக்க வைத்தாலே தண்டனையைக் குறைக்கலாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அதே ஆண்டில் வேறொரு அமர்வு அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. தருமபுரியில் 2000 பிப்ரவரியில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்த வழக்கில் மூவருக்கான தூக்கை 2010-இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2016-இல் மறுபரிசீலித்து, கும்பல் வெறியில் நிதானம் இழந்து செய்த செயல் என்று ஆயுளாகக் குறைத்தது. சேலம் மத்திய சிறையில் 1995 ஏப்ரல் 27 அன்று ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார்; அதற்குப் பின் தமிழ்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை.

பூந்தமல்லி

மாங்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பூந்தமல்லியின் தடா சிறப்பு நீதிமன்றம், 1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. நீதிபதி நவநீதம். மறு ஆண்டு மே 11-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. 19 பேர் வெளியே வந்தார்கள். கீழ் நீதிமன்றம் தூக்குக்குத் தகுதி என்று கண்ட 26 பேரில் 19 பேர் ஒன்றரை ஆண்டுக்குள் சிறைக்கு வெளியே நின்றார்கள் என்றால், தூக்கு என்ற சொல் எவ்வளவு தாராளமாக எழுதப்பட்டது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த நால்வரில் நளினியின் தண்டனை 2000-இல் குறைக்கப்பட்டது. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்கள் பதினோரு ஆண்டு கிடந்து 2011-இல் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் மூவரின் தூக்கை எதிர்த்துச் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் தூக்கை நிறுத்திவைத்தது; சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2013-இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சிபிஐ அதிகாரி தியாகராஜன் ஒரு செய்தியைப் பொதுவெளியில் சொன்னார்: வாங்கிக் கொடுத்த, குண்டில் பயன்பட்டதாகக் கூறப்பட்ட 9 வோல்ட் பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அந்த இளைஞர் சொன்னதைத் தான் எழுதவில்லை. ஒருவரின் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றிய ஒரு வரி. அதை விட்டுவிட்ட காகிதத்தின் மேல் ஒரு தூக்கு நின்றது. 2014 பிப்ரவரி 18-இல் மூவரின் தண்டனையும் தாமதத்தின் பேரில் ஆயுளானது. பேரறிவாளன் 2022 மே 18-இல் விடுதலையானார்.

மூவரின் தண்டனை குறைவதற்கு நான்கு வாரம் முன்பு, 2014 ஜனவரி 21-இல், சத்ருகன் சவுகான் வழக்கில் பதினைந்து பேரின் தூக்கு குறைக்கப்பட்டிருந்தது. வீரப்பன் கூட்டாளிகள் எனத் தண்டிக்கப்பட்ட நால்வரும் அவர்களில் அடக்கம். தண்டனைக்குப் பின் வந்த மனநோயும் தூக்கைக் குறைக்கக் காரணமாகலாம் என்று அத்தீர்ப்பு ஏற்றது. இந்திய எல்லைக்கு வெளியே இருந்த மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 42.72 கிராம் ஹெராயினோடு 2009-இல் சிங்கப்பூரில் பிடிபட்டவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று பரிசோதனையில் தெரிந்தது. அவர் தான் செய்வதை அறிந்தே செய்தார் என்று சிங்கப்பூர் நீதிமன்றங்கள் கருதின. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அவசரத்தின் விலை

மாங்காடு வழக்கில் ஊர்க் கோபம் இருமுறை ஏறியது. 2017 செப்டம்பரில் குண்டர் சட்டத் தடுப்புக் காவல் ரத்தாகி, குற்றம் சாட்டப்பட்ட பொறியாளர் ஜாமீனில் வெளியே வந்தார். டிசம்பரில் குன்றத்தூரில் அவருடைய தாய் கொல்லப்பட்டார். அந்தக் கொலையிலும் சந்தேகிக்கப்பட்டு அவர் மும்பையில் பிடிபட்டார். (தாயின் கொலை வழக்கிலும் 2025-இல் அவர் விடுவிக்கப்பட்டார்.) அதன்பின் சிறுமி வழக்கு குதிரை வேகத்தில் ஓடியது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கென்று வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் டிசம்பரில்தான் நியமிக்கப்பட்டார். சில நாளிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி என்ற முடிவும் தூக்கும் ஒரே நாளில் வந்தன.

நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அரசுத் தரப்பின் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. சிறுமியை அவருடன் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நம்பும்படி இல்லை. அருகிலிருந்த கோயிலின் சிசிடிவி காட்சி பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பதிவைக் காவல்துறை முறையாகக் கைப்பற்றி நீதிமன்றத்தில் நிரூபிக்கவில்லை. வாக்குமூலத்தின்படி பொருள்கள் மீட்கப்பட்ட விதத்திலும், மரபணுச் சோதனைக்குப் போன மாதிரிகள் கைமாறிய வழியிலும் ஐயம் இருந்தது. நல்ல புலனாய்வு அதிகாரி ஒரு நாளில் செய்திருக்கக்கூடிய வேலை, கோயில் கேமராவின் பதிவை எடுத்து முத்திரையிடுவது.

மனநிலை அறிக்கை இல்லாத குறையை இங்கேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். தூக்கு கேட்கும் அரசே குற்றவாளியின் மனநல மதிப்பீட்டை விசாரணை நீதிமன்றத்தில் தர வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. செங்கல்பட்டுத் தீர்ப்பு அதற்கு முந்தியது என்பது உண்மை. ஆனால் அப்போதிருந்த 1973 சட்டமே தண்டனையைப் பற்றித் தனியாகக் கேட்கச் சொன்னது.

இருதரப்பும்

தூக்கு வேண்டும் என்போர் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தைக் காட்டுவார்கள். வேண்டாம் என்போர் விசாரிக்காமல் வெட்டப்பட்ட கோவலனைக் காட்டுவார்கள். தூக்குத் தண்டனை பெற்றுப் பின் ஆயுளாகக் குறைக்கப்பட்ட தியாகு சிறை அனுபவங்களை எழுதினார். கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) தூக்குக்கு எதிராக எடுத்த படம். 2015-இல் சட்ட ஆணையத்தின் 262-ஆம் அறிக்கை, பயங்கரவாதம், அரசுக்கு எதிரான போர் ஆகியவை தவிர மற்றவற்றுக்குத் தூக்கை நீக்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் எதிர்த்திசையில் போனது: 12 வயதுக்குக் குறைந்த சிறுமியர் மீதான வன்கொடுமைக்கு 2018-இல் தூக்கு வந்தது, 2019-இல் போக்சோ சட்டத்திலும் சேர்ந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்குவது திமிர். அந்தக் கோபத்துக்கு அரசு தந்தது அவசரத் தீர்ப்பு. ஆறு வாரம் கூடுதலாக எடுத்து ஒழுங்காக நடத்தியிருந்தால், உண்மையான குற்றவாளியின் தண்டனை நின்றிருக்கும் அல்லது தவறான ஆள் ஏழாண்டு முன்பே வெளியே வந்திருப்பார். 2025 அக்டோபர் தீர்ப்புக்குப் பின், அந்தச் சிறுமியைக் கொன்றது யார் என்று சட்டப்படி நிரூபிக்கப்படாமலே இருக்கிறது.