பல்லுப் பூச்சியும் அப்பத்தாவின் புகையும்

திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த காடு. கண்டங்கத்திரி முள்ளும் பூவுமா தரையோட படர்ந்து கிடக்கும். சொத்தைப் பல் வலிச்சா, அதோட காய்ஞ்ச விதையை நெருப்புல போட்டு வாயில புகை பிடிப்பாங்க. "பூச்சி விழுந்துருச்சு பாரு"ன்னு அப்பத்தா தண்ணியில மிதக்குறதைக் காட்டுவாங்க. இன்ஜினியரிங் படிச்ச திமிர்ல சிரிச்சிருக்கேன்.

தேடிப் பார்த்தா இது நம்மூர் சமாச்சாரம் மட்டும் இல்லைங்க. பல்லைத் தின்னுற புழு பத்தி பாபிலோனியக் களிமண் பலகையிலேயே இருக்கு. இடைக்கால ஐரோப்பாவில் ஹென்பேன் விதைப் புகை. அதுவும் கத்திரிக் குடும்பம்தான்! சூட்டில் விதை வெடிச்சு வெளிய வர்ற வெள்ளைக் கருவைத்தான் புழுன்னு நம்பினாங்க. அப்பத்தா காட்டினதும் அதுவாத்தான் இருக்கணும். பிரான்சின் பியர் ஃபோஷார் மைக்ராஸ்கோப்ல தேடியும் புழு தெரியலைன்னு 1728ல எழுதினார். பாக்டீரியா உண்டாக்குற அமிலம்தான் காரணம்னு 1890ல மில்லர் விளக்கினார்.

விஷயம் என்னன்னா, வலி நின்னா குணமாச்சுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிக்கும். சொத்தை மட்டும் ஈறுக்குக் கீழே இறங்கிட்டே இருக்கும். அங்கே ரத்தமும் ஈரமும் கசியறதால அடைச்சா சரியா ஒட்டாது. பல நேரம் ஈறையும், தேவைப்பட்டா எலும்பையும் கொஞ்சம் குறைச்சுத்தான் அடைக்க முடியும். அதுவும் முடியலைன்னா பிடுங்கணும்.

அப்பத்தாவுக்குக் கடைவாய்ப் பல் எல்லாம் அப்படித்தான் போச்சு. நான் வலி மாத்திரை போட்டே ஆறு மாசம் ஓட்டினேன். போன வாரம் ஈறைக் கீறி அடைச்சாங்க.

அவங்களுக்குப் புகை, எனக்கு மாத்திரை. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை, சொல்லுங்க?